மாண்டிசோரி வகுப்பில் ஆர்வம் யாருடையது?

மாண்டிசோரி வகுப்பில் மூன்று வயதுக் குழந்தை அலமாரியிலிருந்து ஒரு பொருளைத் தானே எடுத்து, பாயை விரித்து, போதும் என்று தோன்றும்வரை அதனோடு உட்கார்ந்திருக்கலாம். பாடவேளை முடிந்தது என்று மணியடித்து யாரும் எழுப்புவதில்லை. குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்வது என்று இம்முறை சொல்வது இதைத்தான். அந்த ஆர்வம் உண்மையில் குழந்தையுடையதா, பெரியவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்ததா என்பது பழைய தத்துவக் கேள்வி.

மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அங்கே ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அவள் கவனம் கலைகிறதா என்று பார்க்க, மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தினாள். முகத்தில் களைப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் தெளிவு இருந்தது.

இதிலிருந்து மாண்டிசோரி ஆர்வத்தை வேறு, மனம் போன போக்கை வேறு என்று பிரித்தார். ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குத் தாவும் குழந்தை சுதந்திரமாக இல்லை. கண்ணில் பட்டதெல்லாம் அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே வேலையில் ஊன்றி நிற்கும் குழந்தையிடம்தான் மனஉறுதி உருவாகிறது. எனவே ஆசிரியை எல்லாவற்றையும் விட்டுவிடுவதில்லை. அலைபாயும் குழந்தையிடம் தலையிடுகிறார். ஒன்றிப்போன குழந்தையிடமிருந்து விலகி நிற்கிறார். அப்போது 'சபாஷ்' என்று சொல்வதுகூட இடையூறுதான். பெரியவர்களுக்கு இம்முறையில் மிகக் கடினமான பகுதி இந்த வாய்மூடல்தான்.

ஆனால் அந்த ஆர்வமே பெரியவர்களின் ஏற்பாடு என்னும் எதிர்வாதம் வலுவானது. 1762-இல் வெளிவந்த 'எமீல்' நூலில் தத்துவஞானி ரூசோ, மாணவன் தன் விருப்பப்படி நடப்பதாகவே எண்ண வேண்டும், ஆனால் அவன் எதை விரும்புவான் என்பதை ஆசான் அமைத்துவைக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். மாண்டிசோரி அலமாரியும் அப்படித்தானே? அதிலுள்ள 'இளஞ்சிவப்புக் கோபுரம்' என்னும் கருவியின் பத்துக் கனசதுரங்கள் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை படிப்படியாக வளர்பவை. குழந்தை அவற்றை ரயில் வண்டியாக்கி ஓட்டினால் பல ஆசிரியைகள் மெல்லத் தடுப்பார்கள். 1914-இல் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக், இக்கருவிகள் குழந்தையின் கற்பனைக்கு மிகக் குறுகிய இடமே தருகின்றன என்று குறைகூறினார்.

மாண்டிசோரியின் பதில் கல்வியைத் தாண்டி சமயத்துக்குள் செல்கிறது. கத்தோலிக்கரான அவருக்கு, குழந்தையை உள்ளிருந்து நடத்தும் ஆற்றல் கடவுள் வைத்தது. ஆசிரியை அதற்குப் பணிவிடை செய்பவர். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தபோது, மறுபிறவியை நம்பிய சபையினருக்கும் இக்கருத்து அந்நியமாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே பயணத்திலிருக்கும் ஓர் ஆன்மாவைக் களிமண்ணாகப் பிசைய முடியாது என்று அவர்கள் தம் வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தார்கள்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. நம்பாதவருக்கும் மிஞ்சுவது அந்தச் சிறுமிதான். உருளைக்கட்டையை அவள் முன் வைத்தவர் பெரியவர், சரி. நாற்பது தடவை செய் என்று அவளிடம் சொன்னவர் யாருமில்லை. பெரியவரின் ஏற்பாடு குழந்தை எதன்மேல் கைவைக்கும் என்பதை ஓரளவு விளக்கும். எவ்வளவு நேரம் அதில் ஆழ்ந்திருக்கும் என்பதை விளக்காது. அலமாரியில் எது இருக்கலாம் என்பதிலும் குழந்தைகளுக்குப் பங்கு இருந்தது. சான் லொரென்சோவில் அருமையான பொம்மைகளும் இருந்தன; பிள்ளைகள் அவற்றைத் தேடிப் போகவில்லை. அவர்கள் எடுக்காமல் தூசி படிந்த பொருள்களை மாண்டிசோரி பிறகு அகற்றிவிட்டார்.