தாழ்ப்பாள் யாரைக் காக்கிறது?

வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் கள்வனை வெளியே நிறுத்துகிறது. அதே தாழ்ப்பாள், உள்ளே ஒருவர் எழுப்பும் ஓலம் கேட்டு ஓடிவரும் அயலாரையும் வெளியே நிறுத்திவிடக் கூடும். இரண்டு வேளைகளிலும் தாழ்ப்பாள் ஒன்றே. அதன் செயலும் ஒன்றே. ஆயினும் முன்னதை அரண் என்கிறோம். பின்னதைக் கொடுமை என்கிறோம். வேறுபாடு தாழ்ப்பாளில் இல்லை. அது யாரைக் காக்கிறது என்பதிலேயே உள்ளது.

சமயக் குழுக்கள் தம் அடையாளமாகப் போற்றும் கொள்கைகளும் இத்தகையனவே. அமெரிக்காவின் தென்னகப் பாப்டிஸ்ட் பேரவையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நடந்துவரும் விவாதம் இதற்கொரு சான்று. பிறர் வீட்டுப் பூசலை எட்டிப் பார்க்கும் ஆவலால் நாம் இதனை எடுத்துக்கொள்ளவில்லை. பிரிந்த சகோதரரின் துன்பத்தில் நம்முடைய முகமும் தெரிகிறது என்பதாலேயே எடுத்துக்கொள்கிறோம்.

சிறையை ஏற்ற கொள்கை

பாப்டிஸ்ட் என்றதும் நம்மில் பலருக்குச் செராம்பூரில் உழைத்த வில்லியம் கேரியும் நாகாலாந்தின் சபைகளும் நினைவுக்கு வரலாம். அச்சபைகளின் வேர் 1609-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஊன்றப்பட்டது. இங்கிலாந்தின் சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி அங்கே புகலிடம் தேடிய ஜான் ஸ்மித், தாமஸ் ஹெல்விஸ் ஆகியோரின் சிறு கூட்டம், தாமே உணர்ந்து நம்பிக்கையை அறிக்கையிடுவோர்க்கு மட்டுமே திருமுழுக்கு அளிக்கத் தலைப்பட்டது. குழந்தைகளுக்கும் திருமுழுக்கு வழங்கும் நாம் இதில் அவர்களோடு உடன்படுவதில்லை. எனினும், ஒருவரின் நம்பிக்கையை வேறொருவர் அவர்மீது சுமத்தவியலாது என்ற அவர்களது உட்கருத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஹெல்விஸ் தாயகம் திரும்பினார். மனிதனின் ஆன்மாவுக்கும் கடவுளுக்கும் இடையே நின்று தீர்ப்பிட அரசனுக்கு உரிமையில்லை என்று 1612-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கே நூல் வழியாக உரைத்தார். கத்தோலிக்கத் திருச்சபையை அந்நூல் கடுமையாகச் சாடுகிறது. ஆயினும் கத்தோலிக்கரின் மனச்சான்றின்மீதும் மன்னருக்கு அதிகாரம் இல்லை என்று அதே நூல் வாதாடுகிறது. யூதருக்கும் இசுலாமியருக்கும் தப்பறைக் கொள்கையினர் எனப்பட்டோருக்கும் அதே உரிமையை அது கோருகிறது. தமக்காக மட்டுமன்றித் தாம் வெறுத்த கொள்கையினருக்காகவும் உரிமை கேட்ட அம்மனிதர் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ 1616-இல் இறந்தார்.

இந்தப் பிறப்பிலிருந்தே பாப்டிஸ்ட் மக்களின் அடையாளம் உருவாயிற்று. ஆயர் இல்லை, மேலிட ஆணை இல்லை, ஒவ்வொரு தலச்சபையும் தன்னைத் தானே ஆள்வது, நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் குருத்துவம் உடையவர். சமய உரிமையை நாம் வெளிப்படையாகப் போற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை 1965-இல் வந்தது என்பதை நினைவிற்கொண்டால், அவர்கள் முந்திக்கொண்ட காலத்தின் நீளம் நமக்குப் புலனாகும்.

அதே சொல், வேறு நோக்கம்

கொள்கை ஒன்று நல்ல பிறப்பு உடையதாயிருப்பது மட்டும் போதாது போலும். 1845 மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் தென்னகப் பாப்டிஸ்ட் பேரவை தோன்றியது. தோன்றிய காரணம் யாது? அடிமைகளை உடைமையாக வைத்திருப்பவரை மறைபரப்பாளராக அனுப்ப இயலாது என்று பொது மறைபரப்பு அமைப்பின் பொறுப்பாளர்கள் மறுத்தனர். எங்கள் தகுதியை அளக்க உங்களுக்கு ஏது அதிகாரம் என்று தென்னகத்தார் கேட்டுப் பிரிந்தனர். அரசனின் கைக்கு எதிராக எழுந்த உரிமைச் சொல், இங்கே ஆண்டையின் கைக்கு உறையாயிற்று. விலங்கிடப்பட்ட மனிதரின் மனச்சான்றைப் பற்றி அங்கே யார் கேட்டார்கள்?

அப்பிறவிப் பிழையைப் பேரவை வெளிப்படையாக ஏற்று மன்னிப்புக் கோர 150 ஆண்டுகள் ஆயின. 1995-இல் அட்லாண்டாவில் அத்தீர்மானம் நிறைவேறியது. 2012-இல் ஃபிரெட் லூட்டர் அப்பேரவையின் முதல் கறுப்பினத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காலம் கடந்த மன்னிப்பும் மன்னிப்பே. அதனை நாம் இகழவேண்டியதில்லை.

இரண்டு அச்சங்கள்

இருபதாம் நூற்றாண்டில் விவாதம் வேறு வடிவம் கொண்டது. தலச்சபைகள் 1925 முதல் ஒரு கூட்டுறவுத் திட்டத்தின் வழியாகக் காணிக்கையைத் திரட்டி, இறையியல் கல்லூரிகளையும் மறைபரப்புப் பணியையும் தாங்கிவந்தன. அக்கல்லூரிகளில் விவிலியத்தின் உண்மையையே ஐயுறும் போதனை புகுந்துவிட்டது என ஒரு சாரார் அஞ்சினர். சிற்றூர்ச் சபையில் கைம்பெண் இடும் காணிக்கை, அவளது நம்பிக்கையைக் குலைப்பவருக்கு ஊதியமாகலாமா என்பது அவர்களது கேள்வி. இது நேர்மையான கேள்வியே. எதையும் நம்பலாம் என்னும் குழு, நாளடைவில் எதையும் நம்பாத குழுவாகிவிடும் அன்றோ?

மற்றொரு சாரார்க்கு வேறோர் அச்சம் இருந்தது. விவிலியம் ஒன்றே போதும் என்று கூறிவந்த மக்கள், விவிலியத்துக்குத் தாம் தரும் விளக்கத்தையும் கையொப்பமிட்டு ஏற்கவேண்டும் எனக் கேட்கத் தொடங்கினால், ஹெல்விஸ் எதிர்த்த அரசன் சபைக்குள்ளேயே முடிசூடிக்கொள்வான் என்பதே அவ்வச்சம்.

1979-இல் ஹூஸ்டனில் அட்ரியன் ராஜர்ஸ் தலைவரானபோது முதல் சாராரின் கை ஓங்கியது. அப்பேரவையின் அமைப்பில் தலைவர் ஒரு குழுவை அமர்த்துவார். அக்குழு மற்றொரு குழுவை முன்மொழியும். அது கல்லூரிகளின் அறங்காவலர்களை முன்மொழியும். ஆகவே, ஆண்டுதோறும் தலைவர் தேர்தலில் தொடர்ந்து வென்றால் பத்தாண்டுகளில் எல்லா நிறுவனங்களும் கைவசமாகும். அவ்வாறே ஆயிற்று. 1985-இல் டாலசில் நடந்த கூட்டத்துக்கு 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேராளர்கள் திரண்டனர் என்றால், போட்டியின் சூட்டை நாம் உணரலாம். 1988-இல் அனைவரின் குருத்துவம் என்பது போதகரின் அதிகாரத்தைக் குறைப்பதாகாது எனத் தீர்மானம் வந்தது. 1991-இல் மிதவாதிகள் கூட்டுறவுப் பாப்டிஸ்ட் தோழமை என்ற தனி அமைப்பைக் கண்டனர். 1994-இல் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள இறையியல் கல்லூரியின் தலைவர் ரசல் டில்டே நீக்கப்பட்டபோது, அவரது அலுவலக அறையின் பூட்டும் மாற்றப்பட்டது.

2000-ஆம் ஆண்டில் நம்பிக்கை அறிக்கை திருத்தப்பட்டது. போதகர் பணி ஆண்களுக்கே உரியது என்று அது வரையறுத்தது. விவிலியத்தை விளக்குவதற்குக் கிறிஸ்துவே அளவுகோல் எனும் 1963-ஆம் ஆண்டு அறிக்கையின் வாசகம் நீக்கப்பட்டது. அவ்வாசகம் விரும்பாத பகுதிகளை ஒதுக்க வழியாகிறது என்பது திருத்தியோரின் வாதம். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அவ்வாண்டிலேயே பேரவையோடு தமக்கிருந்த உறவை முறித்துக்கொண்டார். பின்னர் வெளிநாட்டு மறைபரப்பாளர்களிடமும் புதிய அறிக்கைக்கு ஒப்புதல் கேட்கப்பட்டது. பல்லாண்டுகள் அயல்மண்ணில் உழைத்தவர் சிலர் மறுத்து விலகினர். வேறு சிலர் விலக்கப்பட்டனர்.

இவ்விரு சாராரில் யார் பக்கம் உண்மை என்று தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. எல்லையற்ற குழு கலைந்துபோகும். எல்லையை மட்டுமே காக்கும் குழு இறுகிப்போகும். தொடக்கத் திருச்சபையே அந்தியோக்கியாவில் எழுந்த பூசலுக்கு எருசலேமில் கூடிப் பேசித்தான் வழிகண்டது. ஆனால் இவ்விவாதத்தின் ஓரத்தில், அரங்கில் ஏறாத வேறு சிலர் நின்றுகொண்டிருந்தனர். அவர்களே நம் கேள்விக்கு உரியவர்கள்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

போதகர்களாலும் சபைப் பணியாளர்களாலும் பாலியல் கொடுமைக்கு ஆளானோர், குற்றம் புரிந்தவர் ஒரு சபையை விட்டு அடுத்த சபைக்குச் சென்று அங்கும் போதகராகிவிடுகிறார் என்று முறையிட்டுவந்தனர். அத்தகையோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பேரவை பேண வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2008-இல் பேரவையின் செயற்குழு அதனை ஏற்க மறுத்தது. முதன்மையாகக் கூறப்பட்ட காரணம், தலச்சபைகளின் தன்னாட்சி. எந்தச் சபையும் எவரைப் போதகராக அமர்த்துவது என்பதில் பேரவை தலையிடலாகாது என்பதே விளக்கம்.

2019-இல் டெக்சாஸ் மாநிலத்தின் இரண்டு நாளேடுகள், ஏறத்தாழ 20 ஆண்டுகளில் குற்றம் சாட்டப்பட்ட 380 பேரைப் பற்றியும், பாதிக்கப்பட்ட 700-க்கும் மேற்பட்டோரைப் பற்றியும் செய்தி வெளியிட்டன. பேராளர்களே வற்புறுத்தியதால் அமைக்கப்பட்ட தனி விசாரணையின் அறிக்கை 2022 மே மாதம் வந்தது. செயற்குழு அலுவலர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்ட போதகர்களின் பட்டியலை ஆண்டுக்கணக்கில் தொகுத்து வைத்திருந்தார் என்ற செய்தி அதில் இருந்தது. 700-க்கும் மேற்பட்ட பெயர்கள். இயலாது என்று வெளியே சொல்லப்பட்ட பட்டியல், உள்ளே மேசையில் இருந்தது.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்து நோக்குவோம். 2023-இல் பெண்களைப் போதகராக்கியமைக்காகக் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையும், 30 ஆண்டுகளாகப் பெண் ஒருவரைப் போதகராகக் கொண்டிருந்த லூயிவில் நகரின் ஃபெர்ன் கிரீக் சபையும் பேரவையிலிருந்து நீக்கப்பட்டன. தலச்சபைக்கு ஆணையிட இயலாவிடினும், எச்சபையோடு ஒத்துழைப்பது என்று முடிவுசெய்யப் பேரவைக்கு உரிமை உண்டு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றால் அடுத்த கேள்வி தானே எழுகிறது: பட்டியலும் ஆணையன்று, எச்சரிக்கைதான். ஒருவரை நீக்குவதற்குத் தடையாக நில்லாத தன்னாட்சி, ஒரு சிறுமியைக் காப்பதற்கு மட்டும் தடையாக நின்றது ஏன்?

நேர்மை கருதி இதையும் சொல்லவேண்டும். 2019-க்குப் பின் விதிகள் திருத்தப்பட்டு, குற்றவாளிகளுக்கு இடமளித்த சில சபைகளும் நீக்கப்பட்டன. 2022-இல் பேராளர்கள் பெயர்ப் பட்டியலுக்கு ஒப்புதல் அளித்தனர். எளிய உறுப்பினரின் மனச்சான்று மேலோரின் எண்ணத்தைவிடக் கூர்மையாக இருந்தது. ஆயினும் 2025-இன் தொடக்கத்தில், அப்பட்டியல் இப்போதைய முதன்மைப் பணி அன்று எனச் செயற்குழு அறிவித்தது. பெண் போதகரைப் பற்றிய கடுமையான சட்டத் திருத்தமோ 2024-இலும் 2025-இலும் வாக்குக்கு வந்து, இரண்டு முறையும் ஏறத்தாழ 61 விழுக்காடு பெற்றும், தேவையான மூன்றில் இரு பங்கை எட்டவில்லை. எதைப் பற்றி ஒரு குழு மீண்டும் மீண்டும் வாக்கெடுக்கிறது, எதைத் தள்ளிவைக்கிறது என்பதும் அதன் நம்பிக்கை அறிக்கையே. 2006-இல் 1 கோடியே 63 இலட்சமாக இருந்த உறுப்பினர் தொகை 2024-இல் 1 கோடியே 27 இலட்சமாகக் குறைந்தது. அக்குறைவுக்குக் காரணங்கள் பல.

நமது வீட்டின் கதவு

பார்த்தீர்களா, ஆயர்களின் ஆட்சி இல்லாததால் வந்த கேடு இது என்று நம்மில் எவரேனும் சொல்ல எழுந்தால், அவர் சற்று அமரட்டும். நமக்கு ஆயர்கள் இருந்தார்கள், சட்டத்தொகுப்பு இருந்தது, மேலிடம் இருந்தது. எனினும் 2002-இல் பாஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த செய்திகள் உலகுக்கு என்ன காட்டின? அங்கே தன்னாட்சி என்ற சொல் ஒளித்ததை, இங்கே திருச்சபையின் மானம் என்ற சொல் ஒளித்தது. அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார்கள். இங்கே எல்லா அதிகாரமும் எங்களிடம் உண்டு, நீங்கள் பேசாதிருங்கள் என்றார்கள். அழுதவரின் செவியில் இரண்டும் ஒரே விடையாகவே விழுந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஆயர்களையும் விசாரணைக்கு உட்படுத்தும் விதிகளை வகுக்க வேண்டியிருந்தது இதனாலேயே.

ஆகவே, அமைப்பு முறை எதுவும் தானாக நம்மைக் காக்காது என்பது தெளிவு. தன்னாட்சியும் நல்லதே, கீழ்ப்படிதலும் நல்லதே. நமது அடையாளம் எது என்று விவாதிப்பதும் தவறன்று. ஆனால் அவ்விவாதத்தில் ஒவ்வொரு கொள்கையிடமும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீ இப்போது யாருக்காகப் பேசுகிறாய்? ஹெல்விஸின் வாயில் மனச்சான்றின் உரிமை, தமக்கு ஒவ்வாதவருக்காகவும் பேசியது. அதற்காக அவர் சிறையை ஏற்றார். கொள்கைக்காக அதை உடையவர் விலை கொடுக்கும்போது அது உயிரோடு இருக்கிறது. அந்த விலையைக் குரலற்றவர் கொடுக்கும்போது, சொல் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பங்குப் பேரவையிலும், பக்த சபைகளிலும், நம் இல்லங்களிலுங்கூட, இது எங்கள் உள்விவகாரம் என்றும், இது எங்கள் மரபு என்றும் நாம் சொல்லும் வேளைகள் உண்டு. அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு கணம் நின்று, கதவின் மறுபுறம் தட்டுவது யார் என்று செவிசாய்ப்போம். கள்வனாயின் தாழ்ப்பாள் இருக்கட்டும். அடிபட்டவராயின் நாமே எழுந்து சென்று அதனைத் திறப்போம். தட்டுகிறவரின் முகத்தில் ஆண்டவர் தம் முகத்தையே வைத்திருக்கிறார் என்பதன்றோ நாம் அறிக்கையிடும் நம்பிக்கை?