மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினும் மெய்கண்டாரும்

புத்தி சடம் என்று சைவ சித்தாந்தம் சொல்வதைக் கேட்டுப் படித்த பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது புதினமாகப் படவில்லை. உரும்பிராயில் கராஜ் வைத்திருந்தவன் நான்.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடையும் வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் சொட்டுக் கணக்காயிற்று. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவோம். குளிர்ந்த எஞ்சினில் அது சரியாக ஆவியாகாது; எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். ஒக்ரேனும் குறைவு. பொறி மூட்டிய தீ பரவி முடியுமுன் மிச்சக் கலவை தானாக வெடித்துத் தட்டும். டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பிப் பொறியைப் பிந்த வைத்தால் தட்டல் அடங்கும், இழுவையும் குறையும். எவ்வளவு திருப்புவது என்பதைக் காதுதான் சொல்லும். பழைய கார்களின் அமுக்க விகிதம் குறைவு. அந்தப் புண்ணியத்தில் ஓடின.

இப்போது அந்தக் காதின் வேலையைக் காருக்குள் இருக்கும் கணினி பார்க்கிறது. எரிபொருளும் மாறிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2025இல் பெற்றோலில் 20 சதவீதம் எதனோல் கலந்தாகிவிட்டது. சிலியின் தெற்கே ஹாரு ஓனி ஆலையில் காற்றாலை மின்சாரத்தால் ஐதரசன் பிரித்து, அதோடு காபனீரொட்சைட்டைச் சேர்த்து, 2022 முதல் செயற்கைப் பெற்றோல் செய்கிறார்கள். அதைப் பெற்றோல் போலவே ஆக்கிவிடுவதால் எஞ்சினுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எதனோல் அப்படியல்ல. ஒரு கிலோ பெற்றோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எதனோலுக்கு 9 போதும். புகைக்குழாயில் இருக்கும் உணரி மிஞ்சிய ஒட்சிசனைப் பார்த்துச் சொல்ல, கணினி அடுத்தடுத்த தெளிப்பைக் கூட்டும். தட்டினால் பொறியையும் தானே பிந்த வைக்கும்.

உள்ளே போனது என்ன என்று அந்த உணரிக்குத் தெரியாது. எரிந்து முடிந்தபின் வருவதே அதற்குத் தெரியும். பலன் வந்தபிறகு வினையை ஊகிக்கிற எங்கள் பிழைப்பும் இதுதான்.

அப்படியானால் கணினிக்கு அறிவு வந்துவிட்டதா? மேற்கே இதைக் கேட்டுத் தலையைப் பிய்க்கிறார்கள். மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் எனக்குப் போதும். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் எல்லாம் மாயையில் பிறந்த கருவிகள். உயிர் அவற்றில் ஒன்றன்று. அமைச்சரோடு கூடிய அரசன் போல அவற்றோடு கூடியிருக்கிறது. ஆணவம் என்கிற மலத்தால் மறைபட்டதால் அவர்களில்லாமல் அந்த அரசனுக்கும் ஒன்றும் தெரியாது. கணக்குப் பார்ப்பது, திருத்துவது எல்லாம் அமைச்சர் வேலை. இரும்பாலும் சிலிக்கனாலும் இன்னோர் அமைச்சரைச் செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கோயில் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பொடியன் எழும்பினான்.

“அப்ப உங்கட காதும் சடம்தானே, ஐயா?”

“ஓம், சடம்தான். ஆனா இறைக்கிற மெஷின் தட்டினா, செம்மண்ணில வெங்காயம் வாடப்போகுதே எண்டு தோட்டக்காரனுக்கு வயிறு எரியும். அந்த எரிவு காதுக்கும் இல்லை, மெஷினுக்கும் இல்லை.”

“காருக்கு ஆர் அரசன்?”

“ஓட்டுறவர்.”

“ஓட்டுறவர் இல்லாத காரும் வந்திட்டுது, ஐயா.”

“ஏறிப் போறவனுக்கு எங்கையோ அவசரமாப் போகவேணும்தானே, தம்பி” என்றேன்.