கரைந்தபின் எஞ்சுவது எது?

இறைவனோடு கலந்த உயிர் தன் தனித்தன்மையை இழந்துவிடுகிறதா, கலந்தும் தானாகவே நிற்கிறதா என்னும் வினாவின் அருகே இந்தியத் தத்துவ நூல்களில் நீரும் உப்பும் உவமையாக வருவதுண்டு. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை இரவில் நீரில் உப்பிட்டு வைக்கச் சொல்லி, காலையில் மேலும் நடுவும் அடியும் சுவைக்கச் செய்கிறார். கண்ணுக்குப் புலப்படாமல் எங்கும் நிறைந்த அந்த உப்பு அங்கே பரம்பொருளைச் சுட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் கடல்நீர் உப்பை எடுத்தாளும்போதோ, உப்பு உயிரைப் பற்றிக்கொண்ட அறியாமைக்கு உவமையாகிவிடுகிறது. ஒரே உப்பு இப்படி இரு துருவங்களைக் குறிக்க முடியுமானால், கரைதல் என்பதே ஒரு வகைப்பட்ட நிகழ்ச்சிதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்குச் சோற்றுப்பைவிடக் கார உலோக ஹைட்ராக்சைடுகள் கூர்மையான விடை தருகின்றன. லித்தியம், சோடியம், பொட்டாசியம் முதலிய உலோகங்களின் நேர்மின் அயனியும், ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த எதிர்மின் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்த படிகங்கள் இவை. 20 பாகை செல்சியசில் 100 கிராம் நீரில் லித்தியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 13 கிராமே கரைய, எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு 100 கிராமுக்கும் மேல், கலமே சுடும்படி வெப்பத்தை வெளியிட்டுக் கரைகிறது. சிறிய லித்தியம் அயனி தன் இணையை இறுகப் பிடித்திருப்பது இதற்கு ஒரு காரணம். பற்று மிகுந்தது கரையாது என்று இதிலிருந்து உபதேசம் பிழிவது வேதியியலுக்கும் சமயத்துக்கும் ஒருசேர இழைக்கும் அநீதியாகும்.

கரைந்த சோடியம் நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டாலும் சோடியமாகவே இருக்கிறது. ஹைட்ராக்சைடு அயனியோ அண்டை நீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜனின் உட்கருவை, வாங்கித் தானே நீராகிவிட, கொடுத்த மூலக்கூறு ஹைட்ராக்சைடாகிறது. இக்கைமாற்றம் ஓயாமல் நடக்கிறது. அயனிகளின் தொகை குறைவதில்லை, கரைசலின் காரத்தன்மையும் மாறுவதில்லை. ஆனால் படிகத்திலிருந்து வந்த ஆக்சிஜனைத் தேடிப் பிடித்தாலும் அது இப்போது வெறும் நீராயிருக்கக்கூடும்.

முத்தியிலும் உயிர் அழிவதில்லை என்னும் சைவ சித்தாந்தம் சோடியத்தை ஏற்கும், ஹைட்ராக்சைடை ஏற்காது. வினை செய்த உயிரே அதன் பயனை நுகர்ந்து, அதே உயிரே அருளையும் பெற வேண்டும் என்பது அந்நெறியின் அடிப்படையாதலால், உயிர்களின் தொகை குறையாது என்ற உறுதி மட்டும் அதற்குப் போதாது. நிலைத்த ஆன்மாவின்றியே தொடர்ச்சியை ஒப்பும் பௌத்தத்துக்கோ ஹைட்ராக்சைடின் அந்தக் கைமாற்றமே போதும்.