பாலாலயத்தில் ஓர் இன்ஜின்

ஊட்டி பெர்ன்ஹில்லில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். போன மாதம் கம்பளிக் குல்லா போட்ட பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏன் அம்மணி, இது பழைய புல்லட்டா, புதுசா?”

“புதுசுதாங்க. 2022-இல் எடுத்தது. கிளாசிக் 350.”

அவர் பெட்ரோல் டேங்கை ஒருமுறை தடவினார். “அப்போ பழசு மாதிரி,” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கத் தொடங்கினார்.

அந்த ‘மாதிரி’ என்னை விடவில்லை. நான் கணக்கு டீச்சர். சர்வசம முக்கோணம் வேறு, வடிவொத்த முக்கோணம் வேறு என்று முப்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். வடிவம் ஒத்திருப்பதால் மட்டும் ஒன்று இன்னொன்றாகிவிடாது. அப்படியானால் நான் ஓட்டும் இந்த வண்டி பழைய புல்லட்டின் தொடர்ச்சியா, அதன் வேஷமா? யோசிக்க யோசிக்க, கேள்வி வண்டியோடு நிற்கவில்லை. உடம்பு மாறுகிறது, ஊர் மாறுகிறது, கோயில் மாறுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை நாம் எதை வைத்து ‘அதே’ என்கிறோம்?

என் அப்பா இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். படச்சுருளை வெளிச்சம் படாமல் கையாண்டு பழகிய விரல்கள் அவருக்கு. வீட்டில் கரண்ட் போனாலும் ஸ்பேனரைத் தேடமாட்டார். கை தானாகப் போய் எடுக்கும். அவருடைய புல்லட்டுக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். காலையில் அதைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்துவார். இடக்கை விரலால் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்குவார். பிறகு அதை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உடம்பையும் ஏற்றி ஒரே மிதி. பனி விழுந்த காலைகளில் அவர் இதைச் செய்யும்போது நாங்கள் யாரும் பேசமாட்டோம். அம்மா விளக்கேற்றும்போது எப்படிப் பேசமாட்டோமோ அப்படி.

என் வண்டியில் கிக்கரே கிடையாது. கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் கார்புரேட்டர் வண்டி எதுவானாலும் இங்கே பெட்ரோல் மிகுந்து, காற்றுப் போதாமல் திணறும். அப்பா ஸ்க்ரூவைத் திருகித் திருகி அதைச் சரிசெய்வார். இப்போது சென்சார் காற்றை அளக்கிறது, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கிறது. உள்ளே ஒரு பேலன்சர் தண்டு சுழன்று அதிர்வை விழுங்கிவிடுகிறது. கியர் இடப்பக்கம் போய்விட்டது. அப்பாவின் வண்டியிலிருந்து ஒரு நட்டைக் கழற்றி இதில் மாட்ட முடியாது.

பௌத்தத்தின் ‘மிலிந்த பன்ஹா’வில் இந்தக் கேள்வி ஒரு வண்டியை வைத்தே கேட்கப்படுகிறது. கிரேக்க வழி வந்த மிலிந்த மன்னர் தேரில் வந்து துறவி நாகசேனரைச் சந்திக்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார் மன்னர். பாகங்கள் சேர்ந்திருக்கும்போது நாம் வைக்கும் பெயர்தான் ‘தேர்’ என்ற இடத்துக்குப் பேச்சு வந்து சேர்கிறது. அதே நூலில் இன்னோர் உவமை உண்டு: முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்றும் அல்ல, வேறும் அல்ல.

இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் ஓர் இடம் எனக்கு வெறுமையாகவே இருந்தது. இரவு முழுக்க அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர் யார்? சுடர் தானாகவா விடியும்வரை வந்தது?

இதற்கு நம் கோயில்களில் ஒரு பதில் இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்ப நீரில் ஆவாகனம் செய்து, ஒரு சிறிய இடத்தில் வைத்துப் பூஜை நடக்கும். அந்த நாட்களில் பெரிய கோபுரத்துக்கு அடியில் கொத்தனாரும் சாரமும்தான். சாமி இருப்பது தகரக் கூரை போட்ட ஒரு மூலையில். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம்; சக்தி மறுபடி கருவறைக்குப் போகும். கல் மாறலாம், சுதை மாறலாம், வண்ணம் மாறலாம். இடைப்பட்ட நாளில் ஒருவர் ஏந்திப் பிடித்திருந்தார், ஒரு வேளைப் பூஜையும் தவறவில்லை. அதனால்தான் அது அதே கோயில். ஏந்துகிறவர் இல்லாமல் கோபுரத்தை மட்டும் அச்சு அசலாகக் கட்டினால் அது பொருட்காட்சி முகப்பு.

இந்த வண்டியின் கதையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. புல்லட்டைச் செய்யும் ராயல் என்ஃபீல்டின் மூலஸ்தானம் இங்கிலாந்தின் ரெடிச். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்தார்கள்; அதன் பிறகு திருவொற்றியூர் ஆலையில் புல்லட்டை இங்கே பூட்டத் தொடங்கினார்கள். 1957-இல் அச்சுகளும் கருவிகளும் கடல் கடந்து வந்தன. பாகங்களையே இங்கே வார்க்கத் தொடங்கினார்கள். 1967-இல் ரெடிச் ஆலை மூடியது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் அந்தப் பெயரிலேயே வண்டி இல்லை. மூலக்கோயில் போய்விட்டது, வடிவுடையம்மன் குடிகொண்ட ஊரில் பாலாலயம் மட்டும் நின்றது. ஒவ்வொரு ஷிப்டிலும் வந்து லேத்தில் நின்ற வடசென்னைத் தொழிலாளிகள் பல பத்தாண்டுகள் அந்தச் சுடரை அணையவிடவில்லை. பாலாலயமே கோயிலாகிவிட்டது. குன்னூருக்கு நம் மலை ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி இன்ஜின்களிலும் சில இந்த நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தவைதாம். அவற்றைப் போலி என்று சொல்ல எனக்கு நா எழாது.

சரி, எதை ஏந்தி வந்தார்கள்? டேங்கின் வளைவையும் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் இரு சின்ன விளக்குகளையும் மட்டும்தானா? கணக்கு டீச்சருக்கு அளவு வேண்டும். பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. என் வண்டியில் 72, 85.8. பாகம் ஒன்றுகூடப் பொருந்தாது. ஆனால் அகலத்தைவிட நீளம் கூடிய அந்த மூச்சு அப்படியே இருக்கிறது. அவசரப்படாத பிஸ்டன், கனமான சுழல்சக்கரம், குறைந்த வேகத்திலேயே கிடைக்கும் இழுவை. லவ்டேல் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறந்தால், தேயிலை மூட்டையோடு மேடேறும் ஆள் போல ஒரே சீராக ஏறுகிறது. அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்து நான் கேட்ட நடை அது. குரல் மென்மையாகிவிட்டது. நடை மாறவில்லை.

பெர்ன்ஹில்லில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை அணுக இன்னொரு வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. நாராயண குருவின் மாணவர் நடராஜ குரு 1923-இல் தொடங்கிய நாராயண குருகுலம் இங்கேதான். நித்ய சைதன்ய யதி 1999-இல் மறையும்வரை இங்கே இருந்தார். ஜெயமோகனின் எழுத்து வழியாகத் தமிழர் பலருக்கு அவர் அறிமுகம். நாராயண குரு ‘ஆத்மோபதேச சதக’த்தில் அறிவின் ஆற்றலை இரண்டாகப் பார்க்கிறார்: வேறு வேறாகப் பிரித்துக் காணும் அன்யம், எல்லாவற்றிலும் ஒன்றைக் காணும் சமம். தேரைப் பிரித்துப் பார்த்தது அன்யத்தின் வேலை. தேவையான வேலைதான், அது இல்லாமல் பஞ்சர்கூட ஒட்ட முடியாது. ஆனால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், இரண்டாம் கியரில், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த நான் இறங்கும்போது, சக்கரம் எது, நான் எது என்று பிரிவதில்லை. பார்வை போகும் பக்கம் வண்டி போகிறது. அந்த நொடியில் பழசு, புதுசு என்ற கேள்விக்கு நிற்க இடமே இல்லை. வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் கேள்வி திரும்ப வரும். வரட்டும். இரண்டு அறிவும் ஒரே அறிவின் இரு நடைகள் என்பதை நான் அங்கேதான் நம்பினேன்.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் நான் தள்ளிவிட முடியாது. எங்கள் மெக்கானிக் பாய் சொல்வார்: “டீச்சர், பழைய வண்டி ஆளைக் கேக்கும். இது ஆளைக் கேக்காது.” உதை வாங்கியவனுக்கே புல்லட் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவசரத்தில் முறையை விட்ட ஒரு காலையில் கிக்கர் திருப்பி அடித்து, அப்பா பத்து நாள் நொண்டி நடந்தார். அந்த வலி வண்டியைப் புனிதமாக்கவில்லை, அம்மாவைத்தான் அழவைத்தது. வலியைப் பக்தியின் அளவுகோலாக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் பாய் சொன்னதில் உண்மை இருக்கிறது. பழைய வண்டி நம் கவனத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. புது வண்டி கேட்பதில்லை. இனி கவனத்தை நாமாகத்தான் தர வேண்டும். தரவில்லையென்றால், ரெடிச்சிலிருந்து திருவொற்றியூர் வரை ஏந்தி வந்தது என் வாசலில் வந்து வெறும் வாகனமாகி நின்றுவிடும்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் ஒரு சணல் சாக்கை விரிப்பார். முட்டி போட்டு உட்காரவும், ஆயில் மாற்றும்போது சொட்டுவதை வாங்கவும். அந்தச் சாக்கு இன்னும் இருக்கிறது. இப்போது ஆயில் மாற்றுவது சர்வீஸில். சாக்குக்கு வேலையே இல்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் அதை விரித்து, முட்டி போட்டு, செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறேன். அப்பா சொட்டிய பழைய ஆயிலின் கருப்பு வட்டங்கள் முட்டிக்குக் கீழே தெரிகின்றன. பக்கத்தில் என் செயின் எண்ணெயும் இப்போது இரண்டு மூன்று சின்ன வட்டங்கள் போட்டிருக்கிறது.