வெள்ளிக்கிழமை பேசினது



ஒரு சகோதரி வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருவார்கள், பின்வரிசையில் உட்காருவார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். காரணம் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது தன் வீட்டுப் பாரத்தை அழுது சொன்னார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் நான் அதையே உதாரணமாக எடுத்துப் பேசினேன். "பேர் சொல்லலையே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறுபது பேர் உள்ள சபையில் பேர் எதற்கு? புருஷன் வேலை செய்கிற ஊரைச் சொன்னாலே போதுமே! (இதை எழுதுவதற்கும் அவர்களிடம் கேட்டேன். வாசித்துப் பார்த்து, இரண்டு விவரங்களை மாற்றச் சொல்லி, பிறகுதான் சம்மதித்தார்கள்.)

லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற இடம் உண்டு. உலக அரசியலைப் பேசுகிற பெரிய மனிதர்கள் கூடுகிற இடம். 1927-ல் அங்கே ஒரு விதி வைத்தார்கள். பின்பு 1992-லும் 2002-லும் திருத்தினார்கள். கேட்ட விஷயத்தை வெளியே பயன்படுத்தலாம். ஆனால் சொன்னவர் யார், எந்த இடத்தைச் சேர்ந்தவர், கூட வேறு யார் இருந்தார் என்பதை வெளியிடக்கூடாது. மனம் திறந்து பேச வேண்டுமென்றால் இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று உலகத்தாருக்கே தெரிந்திருக்கிறது. பைபிள் காலேஜில் படித்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

யாக்கோபு 5:16-ன்படி, நாம் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு, சொஸ்தமாகும்படி ஜெபிக்க வேண்டும். ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினபோது இந்த வசனத்தின்மேல்தான் அஸ்திபாரம் போட்டார். ஆண்கள் தனி, பெண்கள் தனி. சேருகிறவரிடம், உன் குறைகளை முகத்துக்கு நேரே சொல்ல விரும்புகிறாயா, நீயும் எதையும் மறைக்காமல் பேசுவாயா என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். கடினமான கேள்விதான். நம்மில் எத்தனை பேர் "ஆம்" என்போம்? நம் கூட்டங்களில் "எல்லாம் நல்லாயிருக்கு பாஸ்டர், ஸ்தோத்திரம்" என்றே காலம் ஓடுகிறது. சொன்னால் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம். பயம் நியாயமானது.

ஆதியாகமம் 9-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நோவா கூடாரத்துக்குள் வஸ்திரம் விலகிக் கிடந்தான். காம் அதைக் கண்டு, வெளியே வந்து சகோதரருக்குச் சொன்னான். காம் சொன்னது பொய்யா? இல்லை, முழு உண்மை! ஆனாலும் சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து போய், பார்க்காமலே மூடினார்கள். "உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இப்போது வெளியே வரக்கூட வேண்டியதில்லை. "அவசர ஜெபக்குறிப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விரல் தட்டினால் துபாய் வரைக்கும் போய்விடுகிறது. ஜெபிக்கிறவர்கள் எத்தனை பேரோ, விசாரிக்கிறவர்கள் மட்டும் அநேகர்.

ஆனாலும் ஒன்று. எல்லாவற்றையும் மூடி வைக்கச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறதென்று தெரிந்தால், 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படியே வாய் திறக்க வேண்டும். "சபை மானம்" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். இதைக் கூட்டம் ஆரம்பிக்கும்போதே எல்லாருக்கும் சொல்லிவிடப்போகிறேன். மற்றபடி, அங்கே பேசினதை, பேசினவரே அனுமதித்தால் ஒழிய, என் மனைவியிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று தீர்மானம் செய்திருக்கிறேன்.

போன வாரம் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார்கள். "பார்க்கலாம் பாஸ்டர்" என்றார்கள். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவர்களுக்கும் சேர்த்துப் பாய் விரித்து வைப்போம். ஜெபித்துக்கொள்ளுங்கள். யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.