ஜுமுஆ உரை: முதுமையில் எங்கே குடியிருப்பது?

 



இரண்டு வாரத்துக்கு முன்பு, அஸர் தொழுகை முடிந்ததும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். வயது 64. முப்பது வருடம் வளைகுடாவில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். ஒரு மகன் ஷார்ஜாவில், இன்னொரு மகன் கனடாவில். மகள் மட்டும் இதே ஊரில், நாலு தெரு தள்ளி இருக்கிறார். பெரியவர் கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு விளம்பரப் புத்தகம். கோயம்புத்தூர் பக்கம், வயதானவர்களுக்கென்றே வரிசையாகக் கட்டியிருக்கும் சிறு தனிவீடுகள். சுற்றுச்சுவர், காவலாளி, நடைபாதை, மணியடித்தால் வரும் நர்ஸ், பொதுச் சமையல்கூடம்.

"ஹஜ்ரத், தெருவுல இருக்குற பழைய வீட்டை வித்துட்டு இங்கே போயிடலாம்னு இருக்கேன். பள்ளிவாசல் மூணு கிலோமீட்டர்ல இருக்கு, விசாரிச்சுட்டேன். மார்க்கத்துல ஒண்ணும் தப்பில்லையே?"

தப்பில்லை. அதை அப்போதே சொல்லிவிட்டேன். விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்களே எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அதே வரிசையில் நல்ல அண்டை வீட்டாரையும் சேர்த்துச் சொன்னார்கள். வயதான காலத்தில் உடம்புக்குச் சுகமான ஒரு வீட்டைத் தேடுவது ஆசையும் அல்ல, ஆடம்பரமும் அல்ல. ஆனாலும் அவரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். ஹலாலா ஹராமா என்பதோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல இது. இன்றைய உரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டேன்.

முதலில் என் கதை. இதில் நானே ஒருமுறை தவறியவன். சென்னையில் இமாமாக இருந்தபோது அத்தா மவுத்தானார்கள். ஊரில் தனியாக இருந்த அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். எனக்குக் கொடுத்திருந்த வீடு பள்ளிவாசல் வளாகத்துக்குள்ளேயே, இரண்டாவது மாடியில். பாங்கு சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்கும். இதைவிடப் பாக்கியமான இடம் ஒரு தாய்க்கு உண்டா என்று நினைத்தேன். உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

ஆறு மாதத்தில் அம்மாவின் பேச்சு குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. டாக்டரிடம் காட்டினால், பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருநாள் இரவு அவர்களாகவே சொன்னார்கள்: "தம்பி, அஞ்சு வேளையும் பாங்கு கேக்குது. ஆனா இன்னிக்கு என்ன ஆணம் வச்சேன்னு கேக்க ஒரு ஆள் இல்லியேப்பா."

ஊரில் கொல்லைப்புற வாசல் வழியாக நாள் முழுக்க மாமியும் சாச்சியும் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். அப்படி வாழ்ந்த ஒரு பெண்ணை நான் இரண்டு மாடி ஏற்றி வைத்திருந்தேன். இறங்கினால் மூட்டு வலி, ஏறினால் மூச்சு வாங்கும். பள்ளிவாசலுக்கு அருகில் வைத்ததை மட்டும் பார்த்தேன், மனிதர்களை விட்டுத் தூரமாக வைத்ததைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே ஊரில் கொண்டுபோய் விட்டேன். அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தார். அம்மா தம் கடைசி நான்கு வருடத்தை அங்கேதான் வாழ்ந்தார்கள்.

சகோதரர்களே, 'இன்த' என்று அரபியில் ஒரு சொல் இருக்கிறது. நம் தமிழ் 'இந்த'வைப் போலக் காதில் விழும், குழப்பிக்கொள்ள வேண்டாம். 'அருகில்', 'இடத்தில்' என்று பொருள். குடியிருப்பையும் முதுமையையும் பற்றிய மூன்று முக்கியமான வசனங்களில் இந்தச் சொல் வருவதை மதரஸாவில் ஓதிய காலத்தில் நான் கவனித்ததில்லை. அம்மாவைக் கொண்டுபோய் விட்டு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

முதலாவது, 14ஆம் அத்தியாயம் 37ஆம் வசனம். முதுமையில் பெற்ற மகன் இஸ்மாயீலையும் அந்தக் குழந்தையின் தாயையும் பயிர்பச்சை இல்லாத பள்ளத்தாக்கில் குடியமர்த்திவிட்டு இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்ட துஆ. அந்த இடத்தை அவர்கள் அடையாளம் காட்டும் விதமே, இறைவனின் வீட்டுக்கு 'அருகில்' என்பதுதான். பிறகு கேட்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் தொழுகை நிலைபெற வேண்டும். அடுத்து, மக்களில் சிலருடைய உள்ளங்கள் இவர்கள் பக்கம் சாய வேண்டும். மூன்றாவதாகத்தான் கனிவகைகள். குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் குடும்பத்தை விட்டுச் செல்பவர், உணவுக்கு முன்னால் மனிதர்களைக் கேட்கிறார். ஸம்ஸம் ஊறிய பிறகு ஜுர்ஹும் கோத்திரத்தார் வந்து, இங்கே தங்கலாமா என்று அன்னை ஹாஜர் அவர்களிடம் அனுமதி கேட்டார்கள். மனிதத் துணையை விரும்பிய அன்னைக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது என்று புகாரியின் அறிவிப்பில் வருகிறது. தண்ணீர் கிடைத்துவிட்டது, மகனும் மடியில் இருக்கிறான். அதற்குப் பிறகும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

இரண்டாவது, 66ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம், ஃபிர்அவ்னின் மனைவி கேட்ட துஆ. சொர்க்கத்தில் ஒரு வீடு கேட்கிறார்கள். ஆனால் அரபி மூலத்தில் 'உன்னருகில்' என்ற சொல் முதலில், 'வீடு' என்ற சொல் அதன் பிறகு. வீட்டுக்கு முன்பே அண்டையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அறிஞர்கள் இதை ரசித்துச் சொல்வார்கள். அரண்மனையில் வாழ்ந்த பெண்மணி அவர்கள். வீட்டின் அருமை பெருமையெல்லாம் பார்த்து முடித்தவர்கள்.

மூன்றாவது வசனத்தைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். அது பெரியவருக்கானது அல்ல, அவருடைய பிள்ளைகளுக்கானது.

அந்த மூன்று கிலோமீட்டருக்கு வருவோம். மதீனாவின் ஓரத்தில் பனூ ஸலிமா என்ற கோத்திரத்தார் குடியிருந்தார்கள். பள்ளிவாசலுக்கு நடை அதிகம். பக்கத்தில் குடிபெயர்ந்து வர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள், இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகளுக்கும் நன்மை எழுதப்படுகிறது என்று தடுத்துவிட்டார்கள். மதீனாவின் அந்தப் பக்கம் வெறுமையாகிவிடுவதை அவர்கள் விரும்பவில்லை என்பதும் ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. ஆக, தூரம் மட்டும் ஒரு இடத்தைக் கெட்ட இடமாக்கிவிடாது. அண்ணன் இன்று ஸ்கூட்டரில் போய்விடுவார், நன்மையும் கிடைக்கும். 75 வயதில் ஃபஜ்ருக்கு யார் ஓட்டுவது என்பது தனிக் கேள்வி.

எனக்கு உறுத்துவது அந்த 'வெறுமை'தான். நம் பகுதி ஊர்களில் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். முன்திண்ணையில் தூசி, உள்ளே தேக்குத் தூண்கள். ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது தன் வீட்டை மட்டும் காலி செய்வதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கொல்லை வாசலில் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாயையும் எடுத்துக்கொண்டு போகிறார். அண்டை வீட்டாருக்கு வாரிசுப் பங்கே தரவேண்டி வருமோ என்று நபியவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய உரிமை அது. நாம் போகக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. போகும் கணக்கில் இதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். பெரியவரிடம் கேட்டேன்: "வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவளுக்கென்ன ஹஜ்ரத், நான் எங்கே போனாலும் வருவா."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். ஆண்களாகிய நாம் வீடு பார்க்கும்போது பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். ஐந்து வேளையும் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவது நாம். பெரும்பாலான வீடுகளில் மனைவி கணவனைவிட வயதில் இளையவர், அவருக்குப் பிறகும் வாழ்பவர். நீங்கள் தேடும் வீட்டில் கடைசிவரை இருக்கப்போவது அநேகமாக நீங்கள் அல்ல.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மவுத்தானால் மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அதை அவர் குடியிருந்த அந்த வீட்டில்தான் கழிக்க வேண்டும். தக்க அவசியம் வந்தால் இடம் மாற வழி உண்டு என்றாலும், அடிப்படைச் சட்டம் இதுதான். மகள் 300 கிலோமீட்டருக்கு அப்பால். சுற்றிலும் நல்ல மனிதர்களே இருந்தாலும், இத்தா என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். யார் வந்து யாஸீன் ஓதுவது, யார் பக்கத்தில் படுப்பது? அதற்குப் பிறகு பாகப்பிரிவினை. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. வீடு 80 லட்சம் ரூபாய் என்றால் அவர் பங்கு 10 லட்சம். வாரிசுகள் விற்க வேண்டும் என்று நின்றால், அந்தப் பணத்தில் அவர் எங்கே போய் வீடு வாங்குவார்? ஆகவே எந்த ஊரில் வாங்கினாலும், மனைவிக்கு என்ன ஏற்பாடு என்பதை உயிரோடு இருக்கும்போதே ஒரு ஆலிமிடமும் வக்கீலிடமும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். ஹிபா செய்வதானால் வாய்ப்பேச்சு போதாது, ஒப்படைப்பும் நடந்தாக வேண்டும்.

பிள்ளைகளே கேட்கிறார்கள் என்று வீட்டை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வைத்த இடத்தில் இருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். பெற்ற பிள்ளையிடமா என்று கூச்சப்படாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்னது குர்ஆன்.

இப்போது அந்த மூன்றாவது வசனம், 17ஆம் அத்தியாயம் 23. பெற்றோர் முதுமை அடைவதைச் சொல்லும்போது 'உன்னிடத்தில்', 'உன்னருகில்' அடைந்தால் என்கிறான் அல்லாஹ். இங்கேயும் அதே 'இன்த'தான். ஷார்ஜாவிலும் கனடாவிலும் இதைப் படிக்கும் தம்பிமார்களே, ஒரே கூரையின் கீழ்தான் இருக்க வேண்டும் என்று இந்தச் சொல் கட்டாயப்படுத்துவதாக நான் சொல்லமாட்டேன். மருமகளும் ஒரு மனுஷி, அவளுக்கும் தனி இருப்பிட உரிமை உண்டு. ஆனால் வாசல் தூரம், தெரு தூரம், கூப்பிட்டால் வரும் தூரம் என்று ஏதோ ஒரு தூரத்தை அந்தச் சொல் கேட்கிறது என்பது என் புரிதல். மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறோம், தினமும் வீடியோவில் பேசுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம். வீடியோவில் வாப்பாவின் கால் வீக்கம் தெரியாது.

அதேசமயம், முதியோர் குடியிருப்புக்குப் போகிறவர்களை ஊர் பேசும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகளே இல்லாத தம்பதி இருக்கிறார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் கடல் கடந்திருக்க, எட்டு அறை வீட்டில் இருவர் மட்டும், ராத்திரி நெஞ்சு வலித்தால் கதவைத் திறந்துவிட ஆளில்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மணியடித்தால் ஓடிவரும் நர்ஸ் ஒரு நிஃமத். அப்படிப் போகிறவர்கள் புத்தகத்தில் அச்சடிக்காததைக் கேட்டுக்கொண்டு போங்கள். வீடு கிரயமா, ஆயுள்வரைக்கும் இருக்கும் உரிமை மட்டுமா? ஆயுள் உரிமை என்றால் உங்களுக்குப் பிறகு வைப்புத் தொகையில் எவ்வளவு திரும்ப வரும், யாருக்கு வரும்? படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா? பல இடங்களில் பொதுச் சமையல் சைவம் மட்டுமே. ஹலாலுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் ஸஹருக்கு அடுப்பு எரியுமா என்று கேளுங்கள். அங்குள்ள ஜமாஅத்தில் சந்தா கட்டி உங்கள் பெயரைத் தலைக்கட்டில் சேர்த்துக்கொள்வார்களா? சந்தூக் எங்கிருந்து வரும், கபரஸ்தான் எது? இதையெல்லாம் சிரித்த முகத்தோடு கேட்கலாம். எந்த மண்ணில் மரணிப்போம் என்பது எந்த ஆத்மாவுக்கும் தெரியாது. நாம் விசாரித்து வைப்பது பின்னால் இருப்பவர்கள் அலையாமல் இருக்க.

இன்னொன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்ததும் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். மேல்தளத்தைக் கொடுக்க அவர் துடித்தார், அண்ணலார் கீழ்தளத்தையே கேட்டார்கள். தமக்கும் தம்மைப் பார்க்க வருபவர்களுக்கும் அதுதான் எளிது என்பது காரணம். பிறகு அவர் வற்புறுத்தலுக்காகத்தான் மேலே போனார்கள். பார்க்க வருபவர்களுக்கு எளிதா என்று வீடு கட்டும்போது நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அம்மாவை இரண்டாவது மாடியில் வைத்த நான் அந்த ஹதீஸை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன்.

சென்ற செவ்வாய்க்கிழமை பெரியவர் மறுபடி வந்தார். வீட்டில் கேட்டிருக்கிறார். "முப்பத்தெட்டு வருஷத்துல இப்படி உக்காந்து கேட்டதே இல்ல ஹஜ்ரத்" என்றார். அந்த அம்மா சொன்னதாம்: "கீழ்வீட்டுல உக்கார்ற மாதிரி ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க. மாடிக்கு ஏற முடியல. வேற ஒண்ணும் வேணாம்." இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க எப்போ கேட்டீங்க?" என்றிருக்கிறார்.

கொத்தனார் திங்கள்கிழமை வருகிறார். அந்த விளம்பரப் புத்தகத்தைப் பெரியவர் என்னிடமே கொடுத்துவிட்டார். பிள்ளைகள் இல்லாத இன்னொரு தம்பதி அதைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். இஷாவுக்குப் பிறகு அவர்களிடம் கொடுக்க வேண்டும்.