கேள்வியும் கூலியும்

உழைத்தவன் தன் உழைப்பின் கணக்கைக் கேட்பது குற்றமாகுமா? கேட்பவன் நன்றி மறந்தவன் ஆவானா? உலகில் எத்தனையோ பெரிய கேள்விகள் கிடக்க, இச்சிறு கேள்வியை ஏன் எடுத்தோம் என்று நேயர்கள் வியக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்று நள்ளிரவு வரையில் வாதாடத் தயங்காத நம் மக்கள், மாத முடிவில் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் வாயடைத்து வீடு திரும்புகின்றனர். ஆண்டவனைக் கேள்வி கேட்க அஞ்சாத நாவு, ஆபீசு ஜன்னலுக்கு முன்னே ஏன் உலர்ந்துபோகின்றது? இதனை ஆராய்வதே நம் நோக்கமாகும்.

ஆராயுமுன் நாம் எவ்விடத்தில் நின்று பேசுகின்றோம் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். நாம் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். ஈப்போவில் ஆங்கிலத்தில் கல்வி கற்றோம். அக்கல்வியின் பயனாக ஒரு நாற்காலி கிடைத்தது. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் மரமாக நிற்கின்றது. அம்மரத்தின் இனத்தை நம்பிக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டுப் புந்தோங்கு முதலிய நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். நம் பாட்டியார் பால் வெட்டிய காடு செம்பனைக் காடாகிவிட்டது. நம் தோட்டத்து லயங்களில் இப்பொழுது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வாழ்கின்றனர். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களின் பேரர்களாகிய நாம் இன்று ஜன்னலுக்கு உள்ளே அமர்ந்திருக்கின்றோம். இந்த இடமாற்றமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு சம்பள நாளன்று, குலை அறுக்கும் வங்காளதேசத் தொழிலாளர் ஒருவர் தம் சீட்டை ஜன்னல் வழியே நீட்டி, "பாஸ், இரண்டு நாள் எங்கே?" என்று மலாய் மொழியில் கேட்டார். நாம் தலை நிமிரவில்லை. "கணினி போட்ட கணக்கு, சந்தேகமிருந்தால் மண்டோரைப் போய்க் கேள்" என்றோம். அவர் சற்று நின்றார். பின்னர்ச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்து, நம் மேசை இழுப்பறையில், வேறு தாள்களுக்கு அடியில், மண்டோர் எழுதிக் கொடுத்திருந்த இரண்டு நாள் குலைக் கணக்கு அகப்பட்டது. கணினியின் மேல் குற்றமில்லை. கணக்கை அதில் ஏற்றாதவர் நாமே. அடுத்த மாதச் சம்பளத்தில் அத்தொகை சேர்க்கப்பட்டது. அவர் ஜன்னலுக்கு வந்து நன்றி கூறினார். தமக்குரிய கூலியை ஒரு மாதம் தாமதித்துக் கொடுத்தவருக்கு அவர் நன்றி கூறினார்! அந்த நன்றி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

பாட்டியார் நினைவு வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பாலின் எடையை மட்டும் பார்த்துக் கூலி போடுவதில்லை. அப்பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று அளந்து, அதன்படியே கணக்கிடுவர். வாளி சுமந்தவளுக்கு எடை தெரியும்; பங்கு தெரியாது. அது கிராணியின் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. ஒருநாள் பாட்டியார், "நேத்து மழையே இல்லியே ஐயா, பால் தண்ணின்னு ஏன் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாராம். பதில் வரவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம், "ஏசியிருந்தாக்கூடப் பரவால்ல, நான் கேட்டத அவரு கேக்கவே இல்ல" என்பார்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டி, நம் மொழியின் ஓர் உண்மையைத் தம்மையறியாமலே சொல்லிவிட்டார். தமிழில் வினவுதலும் கேட்டலே, செவிமடுத்தலும் கேட்டலே. திருக்குறளில் 'கேள்வி' என்னும் அதிகாரம் செவியைப் பற்றியதேயன்றி நாவைப் பற்றியதன்று. ஒருவர் வினவ, மற்றவர் செவி கொடுத்தால்தான் அச்சொல்லுக்கு முழுப்பொருள் உண்டாகின்றது. செவி கொடுக்க மறுப்பவர், கேள்வியில் தமக்குரிய பாதியைக் களவு செய்தவர் ஆகின்றார். நாம் செய்ததும் அதுவே.

இனி, கேட்பவனைக் குற்றவாளியாக்குவோர் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நன்றி. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம்மவர் பழமொழி. சோறு போடும் இடத்தில் கணக்குக் கேட்கலாமா என்கின்றனர். நன்றி என்பது கொடைக்கு உரியது, விலைக்கு உரியதன்று. சந்தையில் மீன் வாங்குபவன் தராசைப் பார்க்கின்றான். அதற்காக மீன்காரன் அவனை நன்றி கெட்டவன் என்று தூற்றுவதில்லை. உழைப்பை விற்பவன் மட்டும் தராசைப் பார்க்கலாகாது என்பது எவ்வூர் நீதி? அன்றியும், யார் யாருக்கு உப்பிட்டவர்? வெயிலில் நின்று அறுத்த குலை ஆலைக்குப் போகாவிடில், துரைக்கும் கிராணிக்கும் உப்பு ஏது? பிள்ளை நோயுற்ற இரவில் வண்டி கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய துரைமாரும் உண்டு. அதை மறப்பவன் மனிதனல்லன். ஆயினும் அந்த நன்றியை மனத்தாலும் சொல்லாலும் செலுத்த வேண்டுமேயன்றி, கூலிக் கணக்கில் வாய் மூடிச் செலுத்த வேண்டியதில்லை. ஒருவர் செய்த உதவிக்கு ஈடாக மற்றவருடைய வாயை அடகு வாங்கினால், அது உதவியன்று, வட்டித் தொழில்.

இரண்டாவது, இயலாமை. விலை வீழ்ந்துவிட்டது, எங்கிருந்து கொடுப்பது என்கின்றனர். இது பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது, ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி 1930-இல் 40 ஆகவும் 32 ஆகவும் குறைக்கப்பட்டது. பின்னர் இந்திய அரசாங்கத்தின் சார்பில் 1936 இறுதியில் இங்கு வந்து விசாரித்த சீனிவாச சாஸ்திரியார், பழைய கூலியை மீண்டும் அளிக்க வேண்டுமென்று எழுதினார். இல்லாதவன் கொடுக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் கேள்வி வேறு, கட்டளை வேறு. கேட்டவுடன் கொடுத்தே தீரவேண்டுமென்று கேள்வி யாரையும் கட்டுவதில்லை. "இல்லை" என்பதும் ஒரு பதிலே; காரணத்தோடும் கணக்கோடும் சொன்னால் அது கௌரவமான பதிலுமாகும். விலை வீழும்போது தொழிலாளிக்குத் திறந்து காட்டப்படும் புத்தகம், விலை ஏறும்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். நட்டத்திற்குப் பங்காளி, இலாபத்திற்கு அந்நியன் என்பது நியாயமாகாது.

மூன்றாவது, ஒழுங்கு. கேள்வியை அனுமதித்தால் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்கின்றனர். இதற்கு 1941-ஆம் ஆண்டே சாட்சி. யுத்த காலமாதலால் ரப்பருக்குத் தேவை மிகுந்தது, விலைவாசியும் உயர்ந்தது. சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்தனர். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணை நின்றார். அக்கோரிக்கைகளை இன்று படிப்பவர் வெட்கமும் வியப்பும் ஒருங்கே அடைவர். சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, ஒழுங்கான வைத்தியம், கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களுக்கு மானப் பாதுகாப்பு ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். துரையோ அலுவலரோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். அவ்வலுவலருள் கிராணியும் ஒருவன் என்பதை நம் இனத்தார் மறத்தலாகாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: முறையிடுவோரைப் பழிவாங்கலாகாது என்பது.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். கேட்டதற்காகத் தண்டிக்காதீர்கள் என்பதையே ஒரு கோரிக்கையாகக் கேட்க வேண்டிய நிலையில் அம்மக்கள் இருந்தனர். பதில் என்ன வந்தது? மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவிற்று. துருப்புகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஒழுங்கைக் குலைத்தது கேள்வியா, கேள்விக்குக் கிடைத்த பதிலா என்று கேட்கின்றோம்.

இவ்வரலாற்றை அறிந்தோர், தொழிலாளியின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று ஏசமாட்டார்கள். தோட்டத்தில் கூலி கொடுப்பவரே வீடும் கொடுப்பவர்; வேலை போயிற்றென்றால் கூரையும் போயிற்று. அயல்நாட்டுத் தொழிலாளர்க்கோ வேலை அனுமதிச் சீட்டே ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கின்றது. தலைக்கு மேலுள்ள கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சீட்டை நீட்டுபவரிடம் துணிவைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. துணிவு கேட்பவரிடம் மட்டும் இருந்தால் போதாது. பதில் சொல்ல வேண்டியவரிடம் நாணயம் இருக்க வேண்டும்.

சட்டம் இன்று ஓரளவு துணை நிற்கின்றது. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையினின்று நீக்குவதைத் தடுக்கின்றது. பதவி உயர்வு, இடமாற்றம், வேலைப் பங்கீடு முதலியவற்றை நிர்வாகத்தின் தனியுரிமையென்று அச்சட்டமே ஒதுக்கி வைத்துள்ளது. ஆனால் அப்பட்டியலில் சம்பளம் இல்லை. சம்பளத்தைப் பற்றிக் கேட்கலாம் என்பது சட்டத்திற்கும் உடன்பாடே. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக நடைமுறைக்கு வந்து, 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. எனினும் சட்டப் புத்தகத்திலுள்ள தொகை தானாக நடந்து வந்து ஒருவர் கையில் ஏறுவதில்லை. இடையிலே ஒரு ஜன்னல் இருக்கின்றது. அதற்கு உள்ளே ஒரு கிராணி இருக்கின்றான்.

தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம், இது நமக்கென்ன என்று நகரத்து நேயர்கள் எண்ணவேண்டாம். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நம் ஈப்போ நகரத்தில், ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கத்தார் கூடினர். குத்தகை நிறுவனத்தின் கீழ் வேலை செய்வோர் நியாயமாக நடத்தப்படவில்லை, சங்கத்தார் ஒடுக்கப்படுகின்றனர் என்பது அவர்கள் முறையீடு. கொள்ளைநோய்க் காலம் அது. நோயாளிகள் படுத்த கட்டிலையும் தரையையும் துடைத்தவர்கள் இத்தொழிலாளர்கள். அவர்களை வீரர் என்று நாடெங்கும் புகழ்ந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஐவர் கைது செய்யப்பட்டு, மறுநாள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவ்வழக்கு பின்னர்க் கைவிடப்பட்டது. கூட்டம் கூடுவதற்கு அன்று விதிகள் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கைதட்டிப் புகழ்வதற்கு ஒரு நிமிடம் போதும். கேட்டதற்குப் பதில் சொல்வதற்கோ கணக்கைத் திறக்க வேண்டும். நாடு எளியதைச் செய்தது.

தோட்டத்து லயமாயினும், ஆஸ்பத்திரித் தாழ்வாரமாயினும், பேராசிரியர்கள் கூடும் பல்கலைக்கழக மண்டபமாயினும் நீதி ஒன்றே. பிறர் உழைப்பின் கணக்கைக் கையில் வைத்திருப்பவர், கேட்டபொழுது அதைக் காட்டக் கடமைப்பட்டவர். சங்கத் தலைவர்களுக்கும் இது பொருந்தும்; சந்தா கொடுத்த அங்கத்தினர், பேச்சுவார்த்தை என்னவாயிற்று என்று கேட்டால், மேடைப் பிரசங்கம் பதிலாகாது. தமிழர் நமக்கோ இதில் தனிக் கடமை உண்டு. நம் முன்னோர் 1941-இல் தமக்காகக் கேட்டதை, இன்று நம் ஜன்னலில் நிற்கும் வங்காளதேசத்தவருக்கு நாம் மறுப்போமாயின், அவர்கள் சைக்கிளை விட்டு இறங்க மறுத்ததன் பயன் என்ன? நாற்காலியில் ஆள் மாறியது. நாற்காலியின் குணம் மாறவில்லை என்றன்றோ ஆகும்!

நாம் செய்தது சிறிது. இப்பொழுது சம்பள நாளன்று, குலைக் கணக்குப் புத்தகத்தை ஜன்னலின் வெளிப்புறம் நோக்கித் திருப்பி வைத்து, அவரவர் பக்கத்தை அவரவருக்குக் காட்டுகின்றோம். முதல் மாதம் எவரும் குனிந்து பார்க்கவில்லை. இதில் ஏதோ சூது இருக்கின்றது என்று எண்ணினர் போலும். வரிசை ஏன் நீளுகின்றது என்று மேலிடத்தில் கேட்டனர், காரணத்தைச் சொன்னோம், அவர்களும் செவி கொடுத்தனர். மூன்றாம் மாதம், முன்பு சீட்டை மடித்துக்கொண்டு போன அதே தொழிலாளர், வரி வரியாக விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, "இது என்ன?" என்று கேட்டார்.

கணக்கு அன்று சரியாகவே இருந்தது. நாம் விளக்கினோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார், நன்றி கூறவில்லை. அன்றிரவு நாம் நன்றாக உறங்கினோம்.